நாலடியில் உறைவு நின்றுவிடும்

அன்று அங்கே நின்றவர்கள் நாலு பேர்: அப்பா, அத்தான், நான், வான் ஓட்டி வந்த கடைக்கார அங்கிள். மயானத்து ஆட்கள் இரண்டு பேர் தங்கள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்கள். அவர்களை நான் சேர்க்கவில்லை. ஐயர் வரவில்லை. பிறந்து ஒரு மாதம் நிரம்பாத பிள்ளைக்குக் கிரியை இல்லை என்பதால் யாரும் அவரைக் கூப்பிடவுமில்லை. அக்காவைக் கட்டிய அத்தானின் தாய் தகப்பன் ஊரில். அவர்களுக்குச் செய்தியே இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. அம்மா வரவில்லை. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அக்கா வரவில்லை. பெற்றவள் அவள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழிக் கடைசி. இங்கத்தைய கணக்கில் புதுவருடம் பிறந்து சில நாள்தான். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த எங்கள் அபார்ட்மென்டில் இருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரத்தில், ரூஜ் ஆற்றுப் பக்கமாக, அந்த மயானம் இருந்தது. அதன் பின்வேலியோரம் ஒரு மூலையைக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் இங்கே எரிப்பவர்கள்தான். ஆனால் அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"பால்குடிப் பிள்ளையை நெருப்பில வைக்கிறேல்லை. மண்ணிட்டைத்தான் குடுக்கவேணும்."

பெண் பிள்ளை. இருதயத்தில் பிழையோடு பிறந்தாள். ஒரு கிழமைக்குச் சற்றுக் கூட இருந்தாள். முப்பத்தோராம் நாள்தான் பேர் வைப்பது எங்கள் வழக்கம். அதனால் அவளுக்குப் பேர் இல்லை. ஆஸ்பத்திரித் தாளில் தகப்பனின் பேரோடு பெண் குழந்தை என்று இருந்தது. வீட்டில் எல்லோரும் பிள்ளை என்றோம். இன்றுவரைக்கும் அப்படித்தான்.

குழியை முதல் நாளே வெட்டி வைத்திருந்தார்கள். மேலே ஓரடிக்கு நிலம் உறைந்திருந்ததால் அந்த இயந்திரத்தின் பல்லால் உடைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் குவிந்திருந்ததை மண் என்று சொல்ல முடியாது. தலையளவு, தேங்காயளவு, கையளவு என்று கட்டி கட்டியாகக் கிடந்தது. அவற்றின் உடைந்த முகங்களில் பனி மினுங்கியது.

பெட்டியை இறக்கியதும் மூன்று பிடி மண் போடவேண்டும். அப்பா குனிந்து அள்ளினார். பிடியில் எதுவும் வரவில்லை. மறுபடி அள்ளினார். பிறகு ஒரு கட்டியை எடுத்து, கையுறையைக் கழற்றி வான் பக்கமாக எறிந்துவிட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டத் தொடங்கினார். வாயைக் கிட்டக் கொண்டுபோய் ஊதினார். ஜக்கெற்றுக்குள் வைத்து அமத்திப் பிடித்தார். அப்பாவின் கைகள் வலை இழுத்த கைகள். ஊரில் நாற்பது வயது வரைக்கும் கடல்தான். அந்தக் கைக்கும் அது மசியவில்லை.

"மாமா, அப்பிடியே போடுவம்," என்றார் அத்தான். "குளிருது உங்களுக்கு."

"கல்லு மாதிரி விழும். பொறு."

"மூடின பெட்டி மாமா."

"பொறு எண்டுறன்."

கடைக்கார அங்கிள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மயானத்து ஆட்கள் நேரம் பார்க்காத மாதிரி நின்றார்கள். அப்பா கட்டியைத் தேய்த்துத் தேய்த்து, கரைந்து வந்த சேற்றை மூன்று தரம் பெட்டியின் மேல் வழித்துவிட்டார். அவர் உள்ளங்கை கீறி இரத்தம் வந்திருந்தது. அத்தானும் நானும் கட்டிகளைத்தான் போட்டோம். போட்டோம் என்பதும் சரியில்லை. முழங்காலில் இருந்து, கையை இயன்றவரை உள்ளே நீட்டி, ஒவ்வொன்றாக வைத்தோம். மிச்சத்தை இயந்திரம் தள்ளியது. அந்தச் சத்தத்தைப் பற்றி எழுத நான் விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து, உடுப்பை வாசலிலேயே பைக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்த் தலை தோய்ந்தோம். அக்கா அறையில் கட்டில் விளிம்பில் இருந்தாள். நெஞ்சைச் சுற்றி அம்மா பழைய நூல்சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டிருந்தார். பால் கட்டிக் காய்ச்சலாக இருந்தது. ஊரில் என்றால் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள், சுரப்பு நின்றுவிடும். ரொறன்ரோவில் அந்த மாதத்தில் மல்லிகைக்கு எங்கே போவது? தாதி கோவா இலையை, முட்டைக்கோஸ் இலையை, வைக்கச் சொல்லியிருந்தாள். அறை முழுக்கக் கோவா வாசம்.

"மண் எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். "நல்ல மண். பொதுபொதுவெண்டு."

"மரம் ஏதும் நிக்குதோ?"

"ஓம். ஒரு மரம் நிக்குது. வேலியோட."

மரம் நின்றது உண்மை. அக்கா அப்பாவின் கையைப் பார்த்தாள். அப்பா கையை உடுத்திருந்த சாரத்துக்குள் மறைத்துக்கொண்டார்.  பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் ஒருக்கா அந்த இடத்தைப் பாக்கவேணும்" என்றாள்.

"பிள்ளைப்பெத்த துடக்குக் கழியட்டும்," என்றார் அம்மா. "பச்சை உடம்பு. இந்தக் குளிருக்கை எங்கை போகப்போறாய்?"

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் முழுவதும் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கதை இதுதான். பேசினாலும் பேசாவிட்டாலும் இதுதான். அக்காவுக்கு அந்த இடத்தைப் பார்க்கவேண்டும். எங்களுக்கு அவள் அதைப் பார்க்கக்கூடாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன். அப்பா கையெழுத்து மட்டும் வைப்பார். அம்மா அதுவும் இல்லை. அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றாள். நான் போவதற்காகத்தான் அவள் நின்றாள் என்று அம்மா இரண்டொரு தடவை சொன்னதுண்டு. அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. நான் இங்கே வந்து பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் படித்தேன். மூன்றாம் வருடத்தில், செலவுக்காக, மண் ஆய்வுகூடத்தில் பகுதிநேர வேலை கிடைத்தது. அதை வீட்டில் சொன்ன அன்று அப்பா சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறது.

"மண் படிக்கிறதுக்கோ கனடாவுக்கு வந்தனாங்கள்? அது ஊரில சும்மா கிடந்ததே."

அத்தான் தன் பங்குக்கு, "மாமா, உவன் பாஸ் பண்ணினால் எங்களுக்கு வீடு வளவு வாங்கேக்கை உதவும். நக்கிப் பாத்து விலை சொல்லுவான்" என்றார். அத்தான் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. எதைப் பற்றிக் கதைத்தாலும் கடைசியில் வாயில் வைப்பதில்தான் வந்து முடிப்பார். அக்கா அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

ஆய்வுகூடத்தில் என் வேலை சின்னது. கை நீளக் குழாய்களில் களிமண்ணை இறுக்கி நிரப்பி, குளிரறையில் வைத்து உறையவிட்டு, வெளியே எடுத்து உருகவிட்டு, மறுபடி உறையவிட்டு, பிறகு அதற்குள்ளால் நீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது.

ஒரு பிடி மண்ணில் கிட்டத்தட்டப் பாதி வெறும் இடம். கண்ணுக்குத் தெரியாத துளைகள். அவற்றுக்குள் காற்றும் நீரும் இருக்கும். குளிர் மேலிருந்து இறங்கும்போது அந்த நீர் கட்டியாகிப் பருக்கிறது. அதோடு விடாது, கீழே இருக்கும் நீரையும் தன் பக்கம் இழுத்து இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். மெல்லிய பனித்தகடுகள் களிக்குள் படுக்கையாக வளர்ந்து மண்ணை விலக்கும். வெயில் வந்ததும் தகடு உருகிப் போய்விடும். அது கிடந்த இடம் போகாது. அங்கே ஒரு வெடிப்பு இருக்கும். நிறுத்துப் பார்த்தால் அதே நிறை. வெளியில் பார்த்தால் அதே களி. ஆனால் முன்பு ஒரு சொட்டைக் கூட விட மனமில்லாமல் இருந்த மண், இப்போது பல மடங்கு வேகமாக நீரை விடும். நீலச் சாயத்தை மேலே ஊற்றிவிட்டுப் பிறகு குறுக்கே வெட்டிப் பார்ப்போம். வெடிப்பு வழியெல்லாம் நீலம் ஓடியிருக்கும். திரும்ப எத்தனை தரம் அமத்தினாலும் அது பழைய களியாக வராது.

தளர்வாகக் கிடக்கும் மண்ணுக்கு நடப்பது வேறு. கட்டி கட்டியாகக் கொட்டியது உறைந்திருக்கும்வரை உயர்ந்து நிற்கும். கட்டிகளுக்கிடையில் இருக்கும் பெரிய வெளிகளைப் பனிதான் தாங்கிக்கொண்டிருக்கும். உருகும்போது கட்டி கரைந்து அந்த வெளிகளுக்குள் விழும். மேலே நிலம் உள்வாங்கும்.

இதை எந்தப் புத்தகமும் இல்லாமல் அந்தக் குழியின் விளிம்பில் முழங்காலில் இருந்தபோதே நான் அறிந்திருந்தேன். இப்போது மேடாக இருப்பது பனி போனதும் பள்ளமாகும். அதில் சேற்று நீர் தேங்கும். அக்கா பார்க்கப்போவது அதைத்தான்.

அத்தானிடம் சொன்னேன். அவர் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவுக்கு இறங்கும்?"

"ஒரு அடி வரைக்கும் இறங்கலாம் அத்தான்."

"தண்ணி நிக்குமோ?"

"கொஞ்ச நாளைக்கு."

அவர் கரண்டியைக் கழுவி வைத்தார். "அப்ப அவள் போறதுக்கு முந்தி நாங்கள் போய் நிரவவேணும். அவள் போகேக்கை அது சமனா இருக்கவேணும். விளங்குதே மச்சான்? சமனா."

"ஓம்."

"அதுமட்டும் பனி, சறுக்கும் எண்டு சொல்லுவம்."

புதைத்து ஒரு கிழமை போயிருக்கும். அத்தானுக்கு ஓய்வுநாள். கடைக்கார அங்கிளிடம் வானைக் கேட்டு வாங்கிக்கொண்டு இருவரும் போய்ப் பார்த்தோம். இடையில் உறைமழை பெய்திருந்ததில் அந்தச் சின்ன மேடு முழுவதும் கண்ணாடி பூசியது போல மூடிக் கிடந்தது. நடக்கவே சறுக்கியது. மேட்டின் உச்சியில் அந்தக் கண்ணாடிக்கு மேலே வெள்ளையாக ஒன்று படர்ந்து உறைந்திருந்தது. பனித்தூள் என்று நினைத்து அத்தான் குனிந்தார். தூள் இல்லை. ஒரு கை அகலத்துக்குத் தட்டையாக, விளிம்பில் மஞ்சள் ஓடி, ஒரு பக்கமாகச் சற்று வழிந்து நின்றிருந்தது.

"பால்," என்றார்.

நான் கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தேன்.

"மாமா வந்திருக்கிறார்," என்றார் அத்தான். "ஒருத்தருக்கும் சொல்லாமல் வந்து பால் ஊத்தியிருக்கிறார். பிள்ளைக்குப் பால் தெளிக்கிறேல்லை எண்டு மாமி சொன்னவா. மனுசனுக்கு மனம் கேக்கேல்லைப் போல."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்பா இரவு வேலை முடித்து விடியத்தான் வருவார். எங்கேயாவது இறங்கி, கடையில் ஒரு பை பால் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வீட்டுக்குப் போய் நாங்கள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அன்றிரவு சாப்பிடும்போது அத்தான் அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பைக்கு இரண்டாம் தரமும் மீன் போட்டார். அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன இண்டைக்குக் கவனிப்பு?"

"சும்மா மாமா. சாப்பிடுங்கோ."

துடக்குக் கழிந்தது. அக்கா கேட்டாள். சறுக்கும் என்றோம். மாசி முழுவதும் பனி கொட்டியது. எங்களுக்கு அது உதவியாக இருந்தது. அவள் தையல் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பினாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் ஆறி வருகிறாள் என்று அம்மா சொன்னார். நாங்களும் அதை நம்பினோம்.

பங்குனியில் ஒரு மத்தியானம், வகுப்பு முடிய, நான் தனியாகப் போனேன். தெருவெல்லாம் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. நான் நினைத்ததைப் போலவே இருந்தது. மேடு இல்லை. ஒரு சின்னத் தொட்டில் அளவுக்குப் பள்ளம். அதில் கலங்கிய நீர். மரத்தில் இருந்து விழுந்த ஒரு சுள்ளி அதில் மிதந்தது. சுற்றியிருந்த மற்றக் குழந்தைகளின் இடங்களும் அப்படித்தான், ஆனால் அவற்றை நான் பார்த்தது பிறகு. கீழே இன்னும் உருகாமல் ஒரு படை இருக்கும். அதனால் நீர் இறங்க வழியில்லாமல் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தது எதற்கும் உதவவில்லை. கரையில் குந்தியிருந்து சுள்ளியை மட்டும் எடுத்தேன்.

அடுத்த கிழமை மறுபடி போனபோது நீர் முழுவதும் போயிருந்தது. ஒரு சொட்டு இல்லை. பள்ளத்தின் அடியில் ஓடு ஓடாக வெடித்த சேறு.

சித்திரைத் தொடக்கத்தில் அத்தானும் நானும் மண் வாங்கப் போனோம். கட்டடச் சாமான் கடை ஒன்றின் முற்றத்தில் கறுப்பு மண்ணைப் பிளாஸ்ரிக் பைகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். அத்தான் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தார்.

"மண்ணைக் காசு குடுத்து வாங்கிறம். மாமாவுக்குச் சொல்லிப்போடாதை. மிச்ச ஆயுளுக்கும் இதைச் சொல்லியே சிரிப்பார்."

"இது லேசு மண் அத்தான். இலைக்குப்பை கூட. திரும்ப இறங்கும். கொஞ்சம் பொறுத்து, வைகாசியில..."

"வைகாசி மட்டும் அவளை ஆர் மறிக்கிறது? நீயோ?"

காசு எடுத்த பெண் சிரித்துக்கொண்டு, இந்த வருடம் தோட்டத்தை நேரத்தோடு தொடங்கிவிட்டீர்கள் என்றாள். அத்தான் ஆங்கிலத்தில் ஓம் என்று சொல்லிவிட்டு, மிச்சக் காசை எடுக்க மறந்து நடந்தார். நான் திரும்பிப் போய் வாங்கினேன்.

பைகளைக் கிழித்துக் கொட்டி, பலகைத் துண்டால் அடித்து அடித்து நிரவினோம். அத்தான் முழங்காலில் இருந்து உள்ளங்கையால் தடவித் தடவிச் சமன் பார்த்தார், ரொட்டி மாவைத் தட்டுபவர் போல. முடிந்தபோது அது உண்மையாகவே அழகாக இருந்தது. சமனாக, கறுப்பாக. அவர் பின்னால் தள்ளிப்போய் நின்று பார்த்தார்.

"இப்ப வந்து பாக்கட்டும்," என்றார். 

ஆனால் அவர் உடனே கூட்டிப்போகவில்லை. புல் விதை தூவினால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். புல் முளைக்கட்டும் என்றார். இரண்டு கிழமை கழித்து நான் போனபோது கறுப்பு மண் நடுவில் குழிந்து, சுற்றியிருந்த மண்ணிறத்துக்குள் ஒரு கறுத்த வாய் போலக் கிடந்தது. முன்பு இருந்ததைவிட மோசமாகத் தெரிந்தது. அத்தானிடம் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "மண்கூட எங்கடை சொல்லுக் கேக்குதில்லை" என்றார்.

வைகாசியில் ஒரு ஞாயிறு, அத்தான் வேலைக்குப் போனபின், அக்கா என் அறை வாசலில் வந்து நின்றாள். மழைக்கோட்டுப் போட்டிருந்தாள்.

"தம்பி, வாறியோ? நான் போறன். நீ வராட்டிலும் போறன்."

அம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தார். மறிக்காமல் திரும்பவும் அடுப்புப் பக்கம் போனார். மறிக்க என்னிடமும் காரணம் மிஞ்சியிருக்கவில்லை. பனி இல்லை, சறுக்கல் இல்லை, துடக்கு இல்லை.

பஸ்ஸில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். இரண்டாவது பஸ்ஸில், "அக்கா, அந்த இடம் கொஞ்சம் பதிஞ்சிருக்கு. அது இயற்கை. எல்லாமே அப்பிடித்தான்..." என்று தொடங்கினேன். அவள் ஜன்னலால் வெளியே பார்த்தபடி, "ம்" என்றாள்.

மயானத்துக்கு முன்னால் இறங்கினோம். நான் பெரிய வாசல் பக்கம் திரும்பினேன்.

"உங்காலை போகாதை," என்றாள். "மழை பெஞ்சா உது முழுக்கச் சேறு. பின்பக்கத்துக் கேற் திறந்திருக்கும். வா."

நான் நின்ற இடத்தில் நின்றேன். அவள் நடந்துகொண்டிருந்தாள். வேலியோரமாகப் போய், தாழ்ப்பாள் இல்லாத ஒரு சின்னக் கதவைத் தள்ளி, கல்லறைகளுக்கு இடையில் காலைப் பார்க்காமலே நடந்து, நேரே அந்த இடத்தில் போய் நின்றாள்.

நான் பின்னால் போய்ச் சேர்ந்தேன். "எப்ப வந்தனீ?"

"முதல் வந்தது நீங்கள் வைச்சிட்டு வந்து நாலைஞ்சு நாளில. அம்மா வேலைக்குப் போட்டா. அப்பா நித்திரை." பக்கத்தில் இருந்த புல்லில் இருந்து ஒரு காகிதத்தைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் வைத்தாள். "பிறகு அடிக்கடி வருவன். தொழிற்சாலை நேரத்தோட விட்டால் வருவன்."

"தண்ணி நிண்டதைப் பாத்தனியோ?"

"பாத்தனான். அத்தானும் நீயும் கறுத்த மண் கொண்டுவந்து போட்டதையும் பாத்தனான். தட்டித் தட்டி வைச்சிருந்தியள்." முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "அவருக்கு நான் வந்தது தெரியாது. தெரியவேண்டாம். பாவம், அவ்வளவு பாடுபட்டுச் சமன் பண்ணினவர்."

மரத்தில் இலை வந்திருந்தது.  பிறகு நான், கேட்காமல் இருக்க முடியாமல், "அப்பா பால் ஊத்தினதையும் பாத்தியோ?" என்றேன்.

"அது அப்பா இல்லை."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் மழைக்கோட்டின் முன்பக்கத்தை இழுத்து மூடிக்கொண்டாள். அறையில் அடித்த கோவா இலை வாசம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது.

"கட்டின துணியை அவிழ்த்துப்போட்டு ஒரு ஜாம் போத்தில்ல எடுத்தனான். சிங்குக்குள்ள ஊத்த மனம் வரேல்லை. வாற வழியெல்லாம் சட்டைக்குள்ளதான் வைச்சிருந்தனான், ஆறாமல் இருக்கட்டும் எண்டு. இஞ்சை வந்து ஊத்தினால் அது கீழ போகேல்லை. மேலயே நிண்டு உறைஞ்சுபோச்சு. நான் பாத்துக்கொண்டு நிக்கவே உறைஞ்சுபோச்சு."

அவள் அழவில்லை. பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நீ மண் படிக்கிறனி. உனக்குத் தெரியும். பிறகு உருகேக்கை அது கீழ போயிருக்குமோ? இல்லாட்டி வழிஞ்சு றோட்டுக்குப் போயிருக்குமோ? பொய் சொல்லாதை. மண் பொதுபொதுவெண்டு இருந்தது எண்டு சொன்ன மாதிரிச் சொல்லாதை."

அவள் என்னிடம் எதையும் கேட்பவள் அல்ல. நான் படித்தது எதுவென்று ஒருநாளும் விசாரித்ததில்லை. என் வாழ்நாளில் நான் எழுதிய எந்தப் பரீட்சைக்கும் அவ்வளவு பயந்து விடை தேடியதில்லை. மேட்டுக்கு மேலே உறைந்தது. மேட்டில் உருகியிருந்தால் பக்கத்தால் வழிந்து புல்லுக்குப் போயிருக்கும்; உறைந்த நிலம் எதையும் குடிக்காது. ஆனால் தை, மாசி முழுவதும் குளிர் விடவில்லை. வெள்ளைக்கு மேல் பனி விழுந்து, அதற்கு மேல் பனி விழுந்து, அது மூடித்தான் கிடந்தது. பங்குனியில் எல்லாம் ஒன்றாக உருகியபோது மேடு இருக்கவில்லை. நிலம் உள்வாங்கியிருந்தது. நானே பார்த்தேன், பள்ளத்தில் நீர் நின்றது, வெளியே ஓடவில்லை. அடுத்த கிழமை அந்த நீர் இல்லை. குழாய்க் களியை வெட்டும்போது தெரியும் நீலக்கோடுகள் கண்ணில் வந்தன.

"கீழதான் போனது," என்றேன்.

"எப்பிடிச் சொல்லுறாய்?"

"பள்ளம் விழுந்தபடியால். மேடா இருந்திருந்தால் வழிஞ்சு போயிருக்கும். பதிஞ்சு கிண்ணம் மாதிரி வந்ததால அது அதுக்குள்ளேயே நிண்டது. மண் ஒருக்கா உறைஞ்சு உருகினால் உள்ளுக்கு வெடிப்பு விழும் அக்கா. முந்தியைவிடக் கெதியா இறங்கும். ஒரு கிழமையில முழுக்க இறங்கிட்டுது. நான் வந்து பாத்தனான். எல்லாம் போகாது, கொஞ்சம் மண்ணில ஒட்டிப் பிடிக்கும். மிச்சம் கீழ போனது."

அவள் தலையை ஆட்டினாள். கணக்கைச் சரிபார்ப்பவள் போல ஒவ்வொன்றுக்கும் ஆட்டினாள். பிறகு அந்தச் சேற்றில், மழைக்கோட்டோடு, அப்படியே இருந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள். நாங்கள் இத்தனை மாதமாக அவளிடம் இருந்து ஒளித்து, பலகையால் அடித்து நிரவிய அந்தப் பள்ளத்துக்குள் கையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். என்ன செய்வதென்று எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

வீடு திரும்பியதும் கல் வைக்கவேண்டும் என்றாள். அத்தான் சம்மதித்தார். அம்மா, "சின்னப்பிள்ளைக்கு ஆரும் கல்லு வைக்கிறதே? கல்லு வைச்சால் அது அங்கேயே நிண்டுடும். அடுத்தது வராது" என்றார். அக்கா எதிர்த்துக் கதைக்கவில்லை. சாப்பிடாமலும் இருக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும், இப்போது எல்லோருக்கும் தெரியப் போனாள். ஆனியில் ஒருநாள் அம்மாவும் மழைக்கோட்டைக் கொளுவிக்கொண்டு அவளோடு இறங்கினார். சுடலைக்கு ஒருபோதும் போகாத அம்மா. திரும்பி வந்து, கால் கழுவி, கதிரையில் இருந்து, அத்தானைப் பார்த்துச் சொன்னார்:

"வைக்கிறதெண்டால் ஆடாமல் வையுங்கோ. அங்கை மற்றப் பிள்ளையளின்ரை கல்லெல்லாம் சரிஞ்சு கிடக்கு."

மயானத்து அலுவலகத்தில் விசாரிக்கப் போனது நானும் அத்தானும். சின்னத் தட்டைக் கல்லைச் சல்லிக்கல் படுக்கைக்கு மேல்தான் வைப்பது வழக்கம், குளிர் காலத்தில் நிலம் தூக்கும், சரிந்தால் வந்து நிமிர்த்திவிடுவோம் என்றார் அங்கிருந்தவர். அசையவே கூடாது என்றால் தலைமாட்டில், பெட்டிக்கு விலகி, இரண்டு துளை போட்டுக் கொங்கிறீற் இறக்கவேண்டும். நாலடிக்கு. இந்த ஊரில் உறைவு அதற்குக் கீழே போவதில்லை. கல்லைவிட அதற்குத்தான் கூடச் செலவாகும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அத்தான் யோசிக்கவில்லை.

என்ன எழுதுவது என்று வந்தபோது எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். பேர் இல்லை. இல்லாத பேரைப் பிறகு வைக்க அவளுக்கு விருப்பமில்லை. "வந்த மாசத்தைப் போடுங்கோ," என்றாள். மார்கழி என்று ஒரு தாளில் பெரிதாக, கோடு பிசகாமல், நான் எழுதிக் கொடுத்தேன். கல் வெட்டுபவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு எது தலைப்பக்கம் என்று கேட்டார். எழுத்துக் கணக்கில்தான் அவர் காசு வாங்குவது. இதில் எத்தனை எழுத்து என்று அவருக்கு எண்ணத் தெரியாததால் அதற்கு ஒன்றும் எடுக்கவில்லை.

கல் வைத்த அன்று அப்பா, அம்மா, அத்தான், அக்கா, நான், எல்லோரும் நின்றோம். அப்பா குனிந்து ஒரு பிடி மண் அள்ளினார். வெயிலில் காய்ந்த மண், கைக்கு உதிர்ந்து வந்தது. அதைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, கல்லைச் சுற்றித் தூவினார்.

கல் நூற்றெண்பது டொலர். அது அசையாமல் இருக்க நிலத்துக்குள்ளே போனது இருநூற்று அறுபது. வரியோடு சேர்த்து ஐந்நூற்றாறு டொலர்.